வெள்ளி விழாவுக்கு முன் ஒரு கணக்கு

எங்கள் நாடகக் குழுவுக்கு 25 ஆண்டுகள் நிறைகின்றன. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். வெள்ளி விழா மலருக்கு அமெச்சூர் நாடகத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்ததில் விழாவைப் பற்றியே சந்தேகம் வந்துவிட்டது. மலரில் அதற்கு இடமிராது, இங்கே சொல்கிறேன்.

வரலாற்றைச் சுகுண விலாச சபையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1891 ஜூலை 1 அன்று பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்கள் சிலரும் சென்னையில் ஆரம்பித்தது. முதலியாருக்கு அப்போது வயது 18. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே தமக்கு வெறுப்பு என்பதை 'நாடக மேடை நினைவுக'ளில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வருஷம் பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடிற்று. மேடையேறியவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள். வெறுப்பு அங்கே கரைந்தது. நாடகத்தின் தரத்தோடு, ஆடியவர்களின் அந்தஸ்தும் அதைக் கரைத்தது என்றே எனக்குப் படுகிறது.

சபையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பாட்டு ஆண்டுகொண்டிருந்த மேடையில் உரைநடை வசனத்துக்கு இடம் கிடைத்தது. எழுதி முடித்த பிரதியும் ஒழுங்கான ஒத்திகையும் வந்தன. ஹாம்லெட் அமலாதித்யனானான், வெனிஸ் வணிகன் வாணிபுரத்துக்கு வந்தான். சத்தியமூர்த்தி போன்றவர்கள் கூச்சமின்றி அரிதாரம் பூசிக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கௌரவத்துக்குள் பெண்கள் வர முடியவில்லை. நாயகி வேஷத்தை ரங்கவடிவேலு முதலியார் போன்ற ஆண்களே கட்டினார்கள். மேடையையே வயிற்றுப்பாடாகக் கொண்டவனுக்கும் இதில் பங்கு கிடைக்கவில்லை. கூத்தாடி என்ற வசை ஒழியவில்லை. சபைக்காரர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் அப்படியே தங்கிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு சபையைக் கனவான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அது நியாயமல்ல. 1911இல் சபை இலங்கைக்குப் போய் நாடகம் ஆடிற்று. அதன் உந்துதலில் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை பிறந்தது. அதில் வளர்ந்த கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரைக் கடைசிவரை குருவாகவே கொண்டார். 1895இல் சபை மேடையேற்றிய 'மனோகரா' பின்னால் டி.கே.எஸ். சகோதரர்களிடம் போயிற்று, 1954இல் சிவாஜி நடித்த திரைப்படமாக ஊரெல்லாம் சுற்றிற்று. கனவான்கள் எழுதி ஆடியதைத் தொழில்முறை நடிகர்கள்தாம் உயிரோடு வைத்திருந்தார்கள். யாரிடமிருந்து விலகி நிற்க விரும்பினார்களோ அவர்களிடமே போய்ச் சேர்ந்தது நாடகம்.

சபை என்னவாயிற்று? அண்ணா சாலையில் மனமகிழ் மன்றமாக நிலைத்தது. 1991இல் அதற்கு நூறு வயது. ஸ்தாபனத்தின் ஆயுள் வேறு, அது செய்த காரியத்தின் ஆயுள் வேறு. சிறுபத்திரிகை வாசகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970இல் நின்றது. வெள்ளி விழா காணவில்லை. அதனால் அதற்கு என்ன குறைந்துவிட்டது?

எங்கள் விழா நிகழ்ச்சி நிரல் வந்தது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, மலர் வெளியீடு, மெல்லிசை. நாடகம் இல்லை. செயலாளரிடம் கேட்டேன். "அன்னிக்கு நாடகமும் போட்டா, விழாவை யார் சார் கவனிக்கிறது?" என்றார். அவர் கெட்டவரல்ல, எங்கள் முதல் நாடகத்துக்குத் தன் வீட்டுக் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்தவர். அதனால்தான் அந்தப் பதில் என்னைச் சங்கடப்படுத்திற்று.

மலருக்குக் கட்டுரை கொடுக்கவில்லை. ஐந்து பேர் நடிக்கக்கூடிய ஒரு மணி நேர நாடகப் பிரதியொன்றைக் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். விழாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஒத்திகைக்கு அது போதும்.