எழுவைதீவுக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க்கடை

எழுவைதீவுக்குச் செல்வோர் ஊர்காவற்றுறையிலே படகேற வேண்டும். படகுக்கு நேரமிருந்ததால் இறங்குதுறைக்கு அண்மையிலிருந்த சிறிய தேநீர்க்கடையொன்றில் அமர்ந்தேன்.

"எழுவைதீவுக்கோ அண்ணை? அங்கை போய்க் கடை தேடாமல் இஞ்சையே சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார் கடைக்காரர். வடையும் தேநீரும் வந்தன.

வந்தவரை உபசரிப்பது இத்துறைக்குப் புதிதன்று. இதன் பழம்பெயர் ஊராத்துறை. நயினாதீவிலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை காணப்படுகின்றது. பிறநாட்டார் ஊராத்துறைக்கே வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருளாயின் சரிபாதி.

எழுவைதீவு இரண்டு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த நிலம். கால்நடையாகவே சுற்றினேன். பனைகளும் வேலிகளும் காயும் வலைகளும் கடந்து நடந்தால், 2010களில் அமைக்கப்பட்ட, காற்றும் சூரிய ஒளியும் சேர்ந்த மின்நிலையம். எத்திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் கடல் வந்து மறிக்கின்றது.

நன்னீரும் விளைநிலமும் அருகிய இத்தகைய தீவுகளிலிருந்துதான் கடந்த நூற்றாண்டில் பலர் தென்னிலங்கைக்கு வணிகம் செய்யச் சென்றனர். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் மக்கள் கொழும்பிலும் பிற நகரங்களிலும் பலசரக்குக் கடைகளும் சைவ உணவகங்களும் நடத்தினர். கல்லாவிலிருந்த முதலாளி முன்னர் அதே கடையில் கோப்பை கழுவிய சிறுவனாயிருந்ததும் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஊர் திரும்பியவர்களையும் போர் விடவில்லை. 1990, 1991இல் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர்.

மாலையில் திரும்பியபோது அதே கடையில் மீண்டும் அமர்ந்தேன். பேச்சு தென்னிலங்கைக் கடைகளைப் பற்றித் திரும்பியது.

"ஐயாவும் அங்கை சாப்பாட்டுக்கடைதான் வைச்சிருந்தவர். எண்பத்திமூண்டிலை எரிஞ்சு போச்சு" என்றார்.

கல்வெட்டின் பங்குக் கணக்கை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூண்டு பங்கோ? எங்களுக்குக் கடைத் திறப்பு மட்டும்தான் மிஞ்சினது, அண்ணை."

திறப்பை இன்னமும் வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த படகுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். அவர் கேத்திலை அடுப்பில் ஏற்றினார்.