வீட்டில் முயல் வளர்ப்பு: கம்பம்மெட்டு குளிருக்கும் கம்பம் வெயிலுக்கும் ஒரே கூண்டு போதுமா?

கம்பத்தில் வெயில் கொளுத்தும் ஒரு நாளில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கம்பம்மெட்டு சோதனைச் சாவடியில் இறங்கிப் பாருங்கள். காதில் துண்டைச் சுற்றிக்கொள்ளலாமா என்று தோன்றும். தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் முட்டிக்கொள்ளும் இந்த எல்லையில் மேலே ஏலக்காய், மூடுபனி, விடாத மழை. கீழே திராட்சை, வாழை, தென்னை, வெயில்.

மனிதர்களுக்கு இது ஒரு ஸ்வெட்டர் விஷயம். முயலுக்கு உயிர்ப் பிரச்னை. மேலே ஒரு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முயலைச் சித்திரை மாதத்தில் கீழே கொண்டுவந்து, தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் சில மணி நேரத்தில் அது செத்துப்போகலாம். "நல்லாத்தானே இருந்துச்சு, என்ன ஆச்சுன்னே தெரியல" என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஆனது இதுதான்: அதன் வீடு சரியில்லை.

குழந்தைகள் கேட்டார்கள் என்று முயல் வாங்கப் போகிறீர்களா? முதலில் எங்கே, எதில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முயலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் கூண்டு யாருக்காகச் செய்யப்பட்டது?

ஏறக்குறைய இரண்டடி நீளம், அதே அளவு அகலம், ஒன்றரை அடி உயரம், அடியிலும் கம்பி வலை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 'முயல் கூண்டு' என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இது இறைச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் முயல் வளர்க்கும் பண்ணைகளின் கூண்டு.

இங்கே முயல் வளர்ப்பு பரவியதே அந்த வழியில்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. உதகை அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் இத்தகைய மையங்கள் வழியாகவே விவசாயிகளின் கைக்கு வந்தன. இரண்டுமே குளிர்ந்த மலைப்பகுதிகளில் இருப்பதைக் கவனியுங்கள்.

பண்ணையில் கம்பித் தரைக்கு நியாயமான காரணம் உண்டு. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், நோய் குறையும், நூறு முயலை ஓர் ஆள் பார்த்துக்கொள்ளலாம். இறைச்சி முயல் அங்கே சில மாதங்கள்தான் இருக்கப்போகிறது. உங்கள் வீட்டு முயல் நன்றாகப் பராமரித்தால் எட்டு முதல் பத்து வருடம் வாழும். நாய், பூனைக்கு இருப்பது போல முயலின் பாதத்தில் மெத்தென்ற சதைப்பகுதி கிடையாது, வெறும் ரோமம்தான். வருடக்கணக்கில் கம்பி மேல் நின்றால் பின்னங்கால் குதிகாலில் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும்.

கையில் கம்பித் தரைக் கூண்டுதான் இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை. முக்கால் பாகத்துக்கு ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் காய்ந்த புல்லைப் பரப்புங்கள். பலகையை வாரம் ஒருமுறை கழுவிக் காய வைக்க வேண்டும் என்பதால் இரண்டு பலகை வைத்து மாற்றிக்கொள்வது நல்லது.

எவ்வளவு இடம் வேண்டும்?

பிரிட்டனில் உள்ள முயல் நல அமைப்பு ஒன்று இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று பரிந்துரைக்கிறது. அதாவது பத்தடிக்கு ஆறரை அடி. ஏலத்தோட்ட லயத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். நியாயமான சிரிப்புதான்.

ஆனால் அந்த அளவுக்குப் பின்னால் உள்ள காரணம் எளிமையானது. முயல் மூன்று நான்கு முறை தாவ இடம் வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும், காது கூரையில் இடிக்காமல் பின்னங்காலில் எழுந்து நிற்க வேண்டும். இது முடியாத முயலுக்கு எலும்பும் தசையும் பலவீனமாகும், குடல் மந்தமாகும். இடம் இல்லாதவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். கூண்டைப் படுக்கையறையாக வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலுமாகச் சேர்த்து மூன்று நான்கு மணி நேரமாவது வெளியே ஓட விடுவது. முயல் அதிகம் துள்ளுவது விடியலிலும் அந்தியிலும்தான். அதனால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது ஒத்துவரும்.

இன்னொன்று. கையளவு வெள்ளைக் குட்டியைக் காட்டி, "இது இவ்வளவுதாங்க, பெருசாகாது" என்பார்கள். சந்தையில் கிடைக்கும் வெள்ளை முயல்களில் பல, நியூசிலாந்து ஒயிட் போன்ற இறைச்சி இனங்களின் கலப்பு. ஆறு ஏழு மாதத்தில் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். கூண்டின் அளவை வளர்ந்த முயலை நினைத்தே முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இதில் ஒரு வார்த்தை சொல்கிறது. நீளம், உயரம், அகலம் போதாமல், நியாயமான அளவு அசையக்கூட முடியாத கூண்டில் ஒரு விலங்கை அடைத்து வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம்.

மேலே, கம்பம்மெட்டு பக்கம்: எதிரி குளிரல்ல, ஈரம்

மலையில் முயல் வளர்ப்பவர்கள் குளிருக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மார்கழிக் குளிரை வளர்ந்த முயல் தாங்கும், அதன் ரோமமே கம்பளிதான். நனைந்த முயலாலும், ஈரப் படுக்கையில் காற்றடிக்கும் இடத்தில் கிடக்கும் முயலாலும்தான் தாங்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். எனவே கூண்டின் மேற்குப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் பலகையால் அடைத்துவிடுங்கள், திறப்பு கிழக்கு பார்த்து இருக்கட்டும். கூரை முன்பக்கம் ஒன்றரை அடியாவது நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

சிலர் மழை வந்தால் கூண்டை முழுக்கத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிடுகிறார்கள். இது மழையைவிட மோசம். முயலின் சிறுநீரில் இருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். தும்மல், மூக்கில் வெள்ளையாகச் சளி, முன்னங்காலால் துடைத்துத் துடைத்து அங்கே ரோமம் ஒட்டிப்போவது எல்லாம் இதன் பின்விளைவு. ஒரு சின்னச் சோதனை உண்டு. காலையில் கூண்டுக்குள் முகத்தை முயலின் உயரத்துக்கு வைத்து மூச்சு இழுங்கள். உங்களுக்கு மூக்கு எரிந்தால் அதற்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். மேற்புறத்தில், மழை அடிக்காத பக்கமாக, ஓர் அடி அகலத்துக்காவது எப்போதும் திறப்பு வேண்டும்.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டரை, மூன்றடி உயரத்தில் கால் வைத்து நிறுத்துங்கள். கால்களைத் தண்ணீர் ஊற்றிய பழைய டப்பாக்களில் வைத்தால் எறும்பு ஏறாது. குட்டி போட்ட முயல் இருந்தால் இது கட்டாயம், கண் திறக்காத குட்டிகளை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து, ஈ. வயிற்றுப்போக்கினாலோ ஈரத்தினாலோ முயலின் பின்பக்கம் அழுக்காக இருந்தால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்து உயிரோடு அரிக்கத் தொடங்கிவிடும். பார்க்கவே பயங்கரமானது. மழைமாதங்களில் தினம் இரண்டு முறை முயலைத் தூக்கிப் பின்புறத்தைப் பாருங்கள்.

கோழி வலை ஏன் போதாது?

நாய், கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரைப்பாம்பு. எல்லைக் கிராமங்களில் முயலைத் தேடி வருபவர்களின் பட்டியல் நீளம். அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். முயலே கடித்து ஓட்டை போட்டுவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒருமுறைச் செலவு. கதவுக்குக் கம்பியைச் சுற்றி வைக்காமல் சரியான தாழ்ப்பாள் போடுங்கள்.

கடித்தால்தான் முயல் சாகும் என்றில்லை. கூண்டைச் சுற்றி நாய் குரைத்தாலே, ஒளிய இடம் இல்லாத முயல் வெறிபிடித்தாற்போல் துள்ளி முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் வலையாக இருக்கும் கூண்டு பார்க்க அழகுதான். முயலுக்கு அது நடுத்தெருவில் படுத்திருப்பது மாதிரி. உள்ளே ஒரு மூலையில் இரண்டு வாசல் வைத்த மரப்பெட்டி இருந்தே ஆக வேண்டும்.

முற்றத்தில் வேலி போட்டு மண்ணில் விடுவதாக இருந்தால், நம் வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த இனம் என்பதை மறக்க வேண்டாம். தோண்டுவது அதன் ரத்தத்தில் உள்ளது. வேலியின் அடியில் வலையை உட்பக்கமாக இரண்டடி மடக்கித் தரையோடு பதித்து மண் போட்டுவிட்டால் ஓரத்தில் தோண்டி வெளியே போக முடியாது.

ஏலத்தோட்டத்துக்குள் மேய விடுவதையும், ஏலச் செடிக்கு அடியில் வளரும் புல்லை அறுத்துப் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. மருந்து படாத வரப்புப் புல்லோ, நீங்களே வளர்க்கும் கினியா புல்லோ போதும். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரத்தின் இலையும் முயலுக்கு நஞ்சு, கூண்டை அதன் அடியில் வைக்க வேண்டாம்.

கீழே, கம்பம் பக்கம்: வெயில்தான் எமன்

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை முக்கியமாகக் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றும். 15 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். கோடையில் கம்பத்தில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது வெளியே கூண்டில் இருக்கும் முயலின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை கீழே உள்ளவர்கள் பகலில் முயலை வீட்டுக்குள் வைப்பதே பாதுகாப்பு. அது முடியாது என்றால் வேம்பு, புங்கன் மாதிரி அடர்நிழல் மரத்தடியில் கூண்டை வையுங்கள். காலையில் இருந்த நிழல் மதியம் இருக்காது, ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் மேலே தென்னங்கீற்றைக் கனமாகப் போட்டு, மதியம் தண்ணீர் தெளிக்கலாம். விளிம்பு உடைந்த பெரிய மண்பானையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டால் முயல் தானாகவே போய் அதற்குள் படுத்துக்கொள்ளும். பைசா செலவில்லாத ஏசி. தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள், லேசான பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நாள் முழுக்கத் தாகத்தில் கிடக்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, காது கொதிப்பது, மூக்கைச் சுற்றி ஈரம், எழுந்திருக்காமல் தரையோடு ஒட்டிக் கிடப்பது ஆகியவை வெப்பத்தாக்குதலின் அறிகுறிகள். உடனே நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துக் காதைத் துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

வீட்டுக்குள் வளர்த்தால்?

மேலேயும் கீழேயும் வசதியானது இதுதான். ஆனால் வீட்டை முயலுக்காகத் தயார் செய்ய வேண்டும். முதல் எதிரி மின்கம்பி. சார்ஜர், டிவி ஒயர், ஃப்ரிட்ஜ் ஒயர் எல்லாமே முயலின் கண்ணுக்கு வேர்தான், ஒரே கடியில் துண்டாகும். தரையோடு போகும் ஒயர்களைப் பிவிசி பைப்புக்குள் செலுத்துங்கள், மற்றவற்றை இரண்டடிக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள். எலி பாஷாணம் வைத்த வீட்டில் முயலை அவிழ்த்து விடாதீர்கள். கொசுவத்திப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது.

டைல்ஸ் தரையில் முயலுக்குக் கால் வழுக்கும். ஓடும் பாதையில் பழைய பருத்திப் போர்வையோ சாக்கோ விரித்தால் போதும். அதைக் கடித்து நூலை விழுங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றம் வருமே என்பதுதான் பலரின் கவலை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையைத்தான் சிறுநீருக்குத் தேர்ந்தெடுக்கும். அது எந்த மூலை என்று இரண்டு நாள் கவனித்து, அங்கே ஓர் அகலமான பிளாஸ்டிக் பேசினில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு, மேலே காய்ந்த புல்லை வையுங்கள். புல்லைத் தின்றுகொண்டே கழிப்பது அதன் வழக்கம், சீக்கிரமே பழகிக்கொள்ளும். பூனைக்கு விற்கும் கட்டியாகும் களிமண் துகள் வேண்டாம், தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். பேசினில் சேரும் புழுக்கையை மிளகுக்கொடிக்கோ ரோஜாவுக்கோ அப்படியே போடலாம்.

ஜோடியாக வாங்கலாமா?

முயல் தனிமையை விரும்பாது, துணை வேண்டும். ஆனால் கடைக்காரர் தரும் 'ஜோடி' ஆணும் பெண்ணுமாக இருந்தால், நாலைந்து மாதத்தில் பருவம் வந்துவிடும், சினைக்காலம் 30 நாள்தான். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி போடும், ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகவும் முடியும். அத்தனைக்கும் உங்களிடம் வீடு இருக்கிறதா? இரண்டு ஆண்கள் வளர்ந்ததும் ரத்தம் வரும்வரை சண்டை போடும். ஒன்றாகப் பிறந்த இரண்டு பெண் குட்டிகள் ஓரளவு ஒத்துப்போகும், அதுவும் இடம் தாராளமாக இருந்தால்.

தோட்டத்தில் கிடைக்கும் காட்டுமுயல் குட்டியைக் கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அது வேறு இனம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, பிடித்து வைத்தால் வழக்கு வரும். தவிர, அது அநாதையும் இல்லை. தாய் முயல் பகலெல்லாம் குட்டியைப் புல் மறைவில் தனியாக விட்டுவிட்டு, இருட்டிய பிறகு பால் கொடுக்க வரும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நாயை மட்டும் கட்டிப்போடுங்கள்.

வீட்டு முயலை மேலிருந்து கீழே கொண்டு போகிறீர்கள் என்றால், கோடையில் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில், விடிவதற்குள் புறப்பட்டு, காற்றோட்டமான பெட்டியில் காய்ந்த புல் போட்டுக் கொண்டு போங்கள். சாக்கில் கட்டியோ கார் டிக்கியில் அடைத்தோ கொண்டு போகக் கூடாது. புது இடத்தில் முதல் நாள் மிரண்டுபோய் ஒளிந்திருக்கும், அது பரவாயில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரமாகப் புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் குடல் நின்றுபோகத் தொடங்கிவிட்டது என்று பொருள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.