தங்கவயலில் ஒரு மஞ்சள் கயிறு

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ரொம்ப அழகாகப் பேசினார். "கோலார் தங்கவயலை உண்டாக்கினவன் ஆண்தான், சுரங்கத்தில் இறங்கினவன் அவன்தானே" என்றார். இறங்கினவன் அவன்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனா அவன் ஏறி வர்ற வரைக்கும் மேலே உயிரைக் கையில் பிடிச்சிக்கிட்டு நின்னவ யாரு? (கைதட்டல்)

1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடியது உலகம். கணவனோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் மாட்டு வண்டியிலே போய்ச் சேர்ந்தாள் லுசீனா வில்சன் என்ற பெண். அவள் சுட்ட ரொட்டிக்கு ஒருவர் 5 டாலர் தருகிறேன் என்றார். இவள் திகைத்து நின்றாள். விலை போதவில்லை போலிருக்கு என்று நினைத்து 10 டாலராக்கிவிட்டார்! நம்ம வீட்டில் என்றைக்காவது இட்லிக்குக் காசு கொடுத்திருக்கோமா? (சிரிப்பு)

நம்ம கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை உலுக்கியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நம்ம தென்னார்க்காட்டிலிருந்தும் போனவர்கள் உண்டு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளி குடியிருந்ததோ மூங்கில் தட்டி வீடு.

என் அம்மாவின் சின்னம்மா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1950களில் அந்த லைன் வீட்டுக்கு வாழப் போனவர். "தங்கவயலுக்குப் பொண்ணு கொடுத்திருக்கோம்" என்று ஊரே பெருமை பேசியது. சின்னப் பாட்டி ஊருக்கு வந்தபோது கழுத்தில் பார்த்தால், வெறும் மஞ்சள் கயிறு!

பாட்டி சொல்வார்: "பூமிக்குள்ள பாறை வெடிச்சா, அடுக்கி வச்ச பானை கலகலன்னு ஆடும்டா. அடுப்பை அப்படியே விட்டுட்டு குழிவாய்க்கு ஓடுவோம். கூண்டு மேலே வர்ற வரைக்கும் எவளும் வாயைத் திறக்கமாட்டா. அவளவ புருஷன் முகம் தெரிஞ்ச பிறகுதான் அழுகையே வரும்."

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போனது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இருமியவர்கள் ஏராளம். அந்த இருமலுக்கு இரவெல்லாம் வெந்நீர் வைத்தவள் பெண். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. கூலி நின்றால் உலை நிற்குமா ஐயா? பிள்ளைக்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொள்வது அவள் தலையில்தானே விழுந்திருக்கும்!

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. அந்த லைன் வீடுகளில் எத்தனை படி கேழ்வரகு களியானது, எத்தனை பேர் குழிவாயில் காத்து நின்றார்கள் என்பதற்குக் கணக்கு ஏது?

தங்கத்தை எடுத்தவன் ஆண், ஒப்புக்கொள்கிறேன். அவனை நாளைக்கும் இறங்கத் தெம்புள்ளவனாக வைத்திருந்தவள் அந்த மஞ்சள் கயிற்றுக்காரி. தீர்ப்பு எழுதும்போது அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே! (கைதட்டல்)