ராஸ் புரதம்: வடிவமாற்றம் கண்டறியப்பட்ட வரலாறு

ராஸ் என்பது செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய புரதம். 189 அமினோ அமிலங்களால் ஆனது. ‘வளர், பிரி’ என்று வெளியிலிருந்து வரும் செய்தியை செல்லுக்குள் கடத்துவது இதன் வேலை. 1964இல் ஜெனிஃபர் ஹார்வி, 1967இல் வெர்னர் கிர்ஸ்டன் ஆகியோர் கண்டறிந்த எலி சார்கோமா வைரஸ்களால் இப்பெயர் வந்தது.

1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களிலும் இதே மரபணு காணப்பட்டது. இயல்பான மரபணுவிலிருந்து அது ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபட்டது. அதனால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின் அமர்ந்திருந்தது. இத்தனை சிறிய மாற்றம் எப்படிப் புற்றுநோய்க்கு வழிவிடும்? புரதத்தின் வடிவத்தைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல இயலாது.

ஓய்வு நிலையில் ராஸ், குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். செய்தி வந்ததும் அதை விட்டுவிட்டு குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்கும். மாணவர் பலர் இங்கே ஒரு பாஸ்பேட் வந்து சேர்வதாக எழுதுகின்றனர், அது தவறு. மூலக்கூறு முழுவதுமே மாற்றப்படுகிறது.

ஓய்வு நிலை வடிவத்தை 1988இல் பெர்க்லியில் சுங்-ஹோ கிம் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியே வெளியிட்டனர். செயல் நிலையைப் பிடிப்பது கடினமாக இருந்தது. ராஸ் தானே ட்ரைபாஸ்பேட்டை மெல்ல வெட்டிவிடுவதால், படிகம் உருவாவதற்குள் அது தீர்ந்துவிடும். எனவே ஹைடல்பெர்க்கில் விட்டிங்ஹோஃபர், கப்ஷ் குழுவினர் வெட்ட முடியாத ஒரு போலி மூலக்கூறைப் பயன்படுத்தி 1989இல் அவ்வடிவத்தைக் கண்டனர்.

1990இல் இரு நிலைகளையும் ஒப்பிட்டபோது, புரதத்தின் பெரும்பகுதி அசையவே இல்லை. மாறியவை இரண்டு சிறு பகுதிகள் மட்டுமே: 30 முதல் 38 வரையிலும், 60 முதல் 76 வரையிலும் உள்ளவை. 35ஆம் இடத்துத் திரியோனினும் 60ஆம் இடத்துக் கிளைசினும் மூன்றாவது பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்வதால் இப்பகுதிகள் இழுத்துக் கட்டிய வில்போல் நிற்கின்றன. பாஸ்பேட் வெட்டுப்பட்டதும் பிடி தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

வெட்டுவதை விரைவுபடுத்தும் துணைப்புரதம் ஒன்று உண்டு. அது ராஸுடன் சேர்ந்திருக்கும் வடிவம் 1997இல் கிடைத்தது. துணைப்புரதம் ஓர் அர்ஜினினை விரல்போல் உள்ளே நீட்டுகிறது. அந்த விரலுக்கு மிக அருகில் இருப்பது 12ஆம் இடம். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜன் மட்டுமே உண்டு. அதைவிடப் பெரியது எது வந்தாலும் விரலுக்கு இடையூறு. ராஸ் செயல் நிலையிலேயே நின்றுவிடுகிறது.

விடை தெரிந்தும் மருந்து கிடைக்கவில்லை. மருந்து பற்றிக்கொள்ளத் தக்க பள்ளம் ராஸில் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2013இல் கெவன் ஷோகட் குழுவினர், ஓய்வு நிலையில் இரண்டாவது அசையும் பகுதிக்கு அடியில் ஒரு பள்ளம் திறப்பதைக் காட்டினர். அங்கே பொருந்தி ராஸை ஓய்வு நிலையிலேயே பூட்டும் சோட்டோராசிப் என்ற மருந்துக்கு, ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்காக 2021இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்திருந்தால் மட்டுமே இது பயன்படும். சிஸ்டீனின் கந்தகத்தோடுதான் மருந்து பிணைகிறது. 1982இல் கண்ட வாலினில் கந்தகம் இல்லை.