சூழொலியும் சிற்றறையும்: இல்லக் கேட்டலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

ஒலிக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவோ, விற்பனைக் கொம்பனிகளின் சாதனைப் பட்டியலாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி எத்தகைய சுவர்களுக்குள் ஒலித்தது, அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே எழுப்பப்படுகின்றன. கேட்போரை நாற்புறமும் சூழ்ந்து ஒலிக்கும் சூழொலி முறையானது பெருமண்டபத்துக்கென உருவாகிப் பின்னர் வீட்டின் சிற்றறைக்குள் புகுந்தது. அவ்விடப்பெயர்ச்சியினை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம். மேலோட்டமாகப் பார்க்குமிடத்து இது மின்னியலாளரின் விடயமாகத் தோன்றலாம். ஆயினும் பொதுவெளியில் கூடி நுகரப்பட்ட ஒரு கலையனுபவம் தனியறையின் பண்டமாக மாறிய கதை அது என்பதால், பண்பாட்டு வரலாற்று மாணவர் அதனைப் புறக்கணித்தல் இயலாது.

2

இக்கதையின் தொடக்கம் 1881 ஆம் ஆண்டுப் பாரிஸ் மின்னியற் கண்காட்சியில் உள்ளது. கிளெமென்ற் அடேர் என்பார் ஒபேரா மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, கண்காட்சிக்கு வந்தோரின் இரு செவிகளுக்கும் இரு தொலைபேசிக் குழல்கள் வழியே இசையை அனுப்பினார். நடிகர் மேடையில் இடம்பெயர்வதைக் கேட்போர் செவியால் உணர முடிந்தது. 1890 இல் இதனை வணிகமாக நடத்தத் 'தியாத்ரொபோன்' என்னும் கொம்பனி தோன்றியது. 1932 வரை அது இயங்கியது. அதன் சந்தாதாரருள் ஒருவர் நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ற். தெருவோசை புகாதிருக்கும் பொருட்டு 1910 இல் தமது படுக்கையறைச் சுவர்களுக்குத் தக்கை பதித்த அவர், அடுத்த ஆண்டு அவ்வீட்டிலிருந்தவாறே தெபுஸ்ஸியின் ஒபேராவினைத் தொலைபேசிவழி கேட்டார். நகரின் ஓசையை வெளியே நிறுத்திவிட்டு, நகரின் கலையை மட்டும் உள்ளே வரவழைத்தல் என்னும் பூர்சுவா வேட்கையின் முழுவடிவத்தை இங்கு காண்கின்றோம். பிற்கால இல்ல அரங்குகள் யாவும் இவ்வறையின் வாரிசுகளே எனலாம்.

எனினும், சூழொலியின் நேரடி முன்னோடிகள் பெருமண்டபத்தைக் கருதியே எழுந்தன. பிரித்தானியாவில் அலன் புளூம்லைன் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமையை 1931 டிசம்பரில் கோரினார். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுகூடத்தினர் பிலடெல்பியாவில் இசைத்த இசைக்குழுவினை மூன்று தடங்களில் வாஷிங்டன் மண்டபத்துக்கு அனுப்பினர். 1940 இல் வெளியான டிஸ்னியின் 'பன்ராசியா' திரைப்படம் மண்டபத்தைச் சுற்றி ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. செலவு மிகுதியாலும் போர்க்காலத் தட்டுப்பாட்டாலும் அம்முறை ஒரு சில நகரங்களுக்கு அப்பாற் செல்லவில்லை. அது மீண்டும் உயிர்பெற்றமை தற்செயலன்று. தொலைக்காட்சியின் வருகையால் அமெரிக்கத் திரையரங்குகள் வெறுமையாகத் தொடங்கியபோதே, 1952 இல் சினராமாவும் 1953 இல் சினமாஸ்கோப்பும் பல்தட ஒலியுடன் தோன்றின. வீட்டில் கிடைக்காததைக் கொடுத்தாலன்றி மக்கள் வீட்டை விட்டு வரமாட்டார்கள் என்பதைத் திரைப்பட மூலதனம் உணர்ந்தது. அதாவது, சூழொலி முதலில் வீட்டுக்கு எதிரான ஆயுதமாகவே பயன்பட்டது.

3

அவ்வாயுதத்தையே வீட்டுக்கு விற்கும் முதல் முயற்சி படுதோல்வியடைந்தது. 1970 களின் முற்பகுதியில் அறையின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தும் 'குவாட்ரபோனிக்' முறை அறிமுகமாயிற்று. கொலம்பியா, ஆர்சிஏ, சான்சூயி ஆகிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாத முறைகளைச் சந்தைக்கு விட்டன. போட்டி முன்னேற்றத்தின் தாய் என்போருக்கு இது நல்லதொரு பாடமாகும். ஒரு கொம்பனியின் இசைத்தட்டு இன்னொன்றின் கருவியில் உரியவாறு ஒலிக்கவில்லை. தசாப்தம் முடியுமுன் அனைத்தும் மறைந்தன. எனினும், தோல்விக்கு வணிகக் குழப்பம் மட்டுமே காரணமன்று. நான்கு மூலைகளும் வெறுமையாயிருக்கும் அறையை அம்முறை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. கதவும் அலுமாரியும் கட்டிலும் இருக்கும் சாதாரணக் குடும்பத்தின் அறை அதன் வரைபடத்தில் இடம்பெறவேயில்லை.

வெற்றி வேறு வழியால் வந்தது. 1970 களின் நடுப்பகுதியில் உருவான டொல்பி ஸ்டீரியோ முறை நான்கு தடங்களை இரண்டினுள் மடித்து வைத்தது. அவ்விரு தடங்களும் ஸ்டீரியோ வீடியோ நாடாக்களில் அவ்வாறே பதியப்பட்டு வீடுகளுக்குச் சென்றன. ஆகவே பண்டம் வீட்டினுள் ஏற்கெனவே புகுந்துவிட்டது. மடிப்பை விரிக்கும் பெட்டியை விற்பதே எஞ்சிய வேலை. 1982 இல் டொல்பி சரவுண்டும் 1987 இல் புரோ லொஜிக்கும் அதனைச் செய்தன. 1990 களின் பிற்பகுதியில் டீவீடி தட்டு ஐந்து முழுத்தடங்களையும் தாழ்சுரத்துக்கான தனித்தடம் ஒன்றையும் வீட்டுக்குக் கொணர்ந்தது.

4

சிற்றறையின் சிக்கலை இனி நோக்குவோம். திரையரங்கில் பக்கச் சுவர்களில் வரிசையாக உள்ள பல ஒலிபெருக்கிகள் தொலைவிலிருந்து ஒலிப்பதால், ஓசை எங்கிருந்து வருகின்றதென்று செவிக்குத் தெரிவதில்லை. சூழ்ந்திருக்கும் உணர்வே எஞ்சுகின்றது. நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட அறையிலோ பின்புற ஒலிபெருக்கி காதருகே இருக்கும். தடையற்ற வெளியில் தூரம் பாதியாகும்போது ஒலிமட்டம் ஏறத்தாழ ஆறு டெசிபெல் உயர்கின்றது. அறையில் இவ்வேறுபாடு சற்றுக் குறையுமாயினும், முன்னொலி இரு மீற்றரிலும் பின்னொலி ஒரு மீற்றரிலும் இருப்பின் பின்னொலியே மேலோங்கும். மேலும், முதலில் வந்தடையும் ஒலியின் திசையையே செவி நம்பும் என்பதை 1949 இல் ஜேர்மனியரான ஹெல்முற் ஹாஸ் விளக்கியிருந்தார். இதனாற்றான் பின்னொலியைச் சில மில்லி செக்கன்கள் தாமதிக்கச் செய்தல், அதன் மட்டத்தைத் தாழ்த்துதல், ஒலிபெருக்கியைக் காதுக்கு நேரே வையாது தலைக்கு மேலாகச் சுவரில் பொருத்துதல் ஆகிய வழிகள் கையாளப்பட்டன.

தாழ்சுரத்தின் சிக்கல் இன்னும் கடினமானது. இரு சுவர்களுக்கிடையே ஒலி நின்றதிர்வதால், நான்கு மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 43 ஹேர்ட்சும் மூன்று மீற்றர் அகலத்தில் 57 ஹேர்ட்சும் ஓரிடத்தில் முழங்கி, இன்னோரிடத்தில் மறையும். நீளமும் அகலமும் சமமான அறையில் இரண்டும் ஒன்றுசேர்ந்து தீமை இரட்டிப்பாகும். ஏறத்தாழ 80 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியின் திசையை அறையினுள் செவி எளிதில் அறியாது என்னும் உண்மையே சிற்றறைக்குக் கிடைத்த பெருவரம். பருத்த பெட்டி ஒன்றை ஒதுக்குப்புறத்தில் வைத்துவிட்டு, ஏனையவற்றைக் கையடக்கமாகச் சுருக்க அது வழிவகுத்தது. 2002 இல் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரொட் வெல்ரி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே இரு சிறு தாழ்சுரப் பெட்டிகளை வைப்பின் ஆசனத்துக்கு ஆசனம் தோன்றும் வேறுபாடு பெரிதும் குறையுமெனக் காட்டினார். தடித்த திரைச்சீலையும் கம்பளமும் நூல்நிறைந்த அலுமாரியும் உயர்சுர எதிரொலியை அடக்கும். ஆனால் தாழ்சுரத்தை அவை தொடுவதேயில்லை.

5

இவ்வுத்திகள் யாவும் அறையின் சிறுமையை ஒரு குறைபாடாகக் கொண்டு, அதனை ஏமாற்ற முனைபவை. அறை ஏன் சிறிதாயிற்று என்பதை அவை கேட்பதில்லை. பிரித்தானியாவில் 1961 ஆம் ஆண்டின் பார்க்கர் மொறிஸ் அறிக்கை குடியிருப்புகளின் குறைந்தபட்சப் பரப்பினை விதந்துரைத்தது. 1969 இல் அது உள்ளூராட்சி மன்ற வீடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1980 இல் கைவிடப்பட்டது. அரசு தொழிலாளரின் அறைக்கு வைத்திருந்த அளவுகோலை எறிந்த அதே தசாப்தத்திலேயே, அறையைச் செவிக்குப் பெரிதாக்கிக் காட்டும் பெட்டிகள் சந்தையை நிறைத்தன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நாம் வாதிடவில்லை. இடம் பொது உரிமையாகக் கருதப்படாது போகும்போது இடத்தின் பிரமை விலைக்கு வருகின்றது என்பதே நாம் சுட்ட விரும்புவது. நெருக்கமான நகரக் குடியிருப்புகளைக் கொண்ட யப்பானில் யமஹா நிறுவனம் 2000 களின் நடுப்பகுதியில், ஒரே சட்டத்திலமைந்த பல சிறு ஒலிபெருக்கிகளின் கற்றைகளைச் சுவர்களில் மோதித் தெறிக்கச் செய்து சூழொலி உண்டாக்கும் கருவியை வெளியிட்டமையும் இவ்வகையிற் கருதத்தக்கது. 2014 முதல் வீடுகளுக்கு வந்த டொல்பி அட்மொஸ் முறையில் கூரையும் இவ்வாறே வேலைவாங்கப்பட்டது.

இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. தாழ்சுரம் மெல்லிய சுவரை மதிப்பதில்லை. சுவரின் திணிவை இரட்டித்தாலும் ஏறத்தாழ ஆறு டெசிபெல் மட்டுமே கூடுதலாகத் தடுக்கப்படும். மாடிக் குடியிருப்பில் ஒருவரின் இல்ல அரங்கு அயலவரின் உறக்கக் கேடாகின்றது. தனியுடைமையாக வாங்கிய ஒலி தன் சமூக இயல்பை அயல்வீட்டுச் சுவரில் நிரூபித்துவிடுகின்றது! இறுதித் தஞ்சம் செவிப்பொறி. அங்கு அறை முற்றாகக் கரைந்து, கேட்போர் ஒருவர் மட்டுமே எஞ்சுகின்றார்.

தியோடர் அடோர்னோ 1941 ஆம் ஆண்டுக் கட்டுரையில், வானொலி வழியே அறைக்குள் வரும் சிம்பனி தன் பெருவடிவை இழந்துவிடுகின்றதென வருந்தினார். அவ்வருத்தம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஒபேரா மண்டபத்தின் வாயிலுக்குள் ஒருபோதும் அனுமதிக்கப்படாதிருந்தோர்க்கு அறைக்குள் வந்த ஒலி இழப்பன்று, வரவே. றேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல், நவீன வாழ்வு வீட்டினுள் ஒடுங்கியவாறே உலகத்தோடு தொடர்புகொள்வதைச் சுட்டினார். அவரது நோக்கு எமக்குக் கூடுதலாகப் பயன்படுகின்றது. ஏனெனில் கருவியைப் பழிக்காது, அக்கருவி விடை கூறவந்த சமூகத் தேவையினை அது ஆராய்கின்றது.

குடியிருப்புப் பிரச்சினை பற்றி 1872 இல் எழுதிய ஏங்கல்ஸ், அதனைத் தனித்த பரிகாரங்களால் தீர்க்கவியலாது என்றார். சிற்றறைக்கு நல்லொலி சேர்த்தல் நியாயமான வேட்கையே. அதற்கான அறிவும் இன்று கைவசமுள்ளது. ஆயினும் எத்தனை ஒலிபெருக்கிகளை அடுக்கினும், ஓர் அரங்கில் நூறு பேர் ஒருங்கே மூச்சடக்கும் கணத்தினை அவை மீட்டுத்தரா. வாழ்வதற்குப் போதிய அறையும், கூடிக் கேட்பதற்குப் பொது மண்டபமும் ஆகிய இரண்டையும் ஒரு சமுதாயம் ஒருசேரக் கோருதல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கச் செய்வது சந்தையின் வழக்கம். அதற்கு உடன்படாதிருத்தல் எமது கடமையாகும்.