பாங்கன் மறைந்த கதை

1971ஆம் ஆண்டு வெளிவந்த ‘சம்மர் ஆஃப் 42’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் டொரொதியைப் பற்றியே பேசுவர். போருக்குச் சென்ற கணவனின் வரவை எதிர்நோக்கித் தீவொன்றில் தனித்து வாழும் அவ்விளம்பெண்மீது பதினைந்து வயதுச் சிறுவன் ஹெர்மி கொள்ளும் மயக்கமும், மிஷெல் லெக்ராந்துக்கு ஆஸ்கார் விருது ஈட்டித் தந்த இசையுமே நினைவில் நிற்கின்றன. பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) வழியே இக்கதையின் சாயலை அறிந்த தமிழ்ச் சுவைஞர்க்கும் இது பொருந்தும். ஆயினும் இக்கதை எழுதத் தொடங்கப்பெற்றது ஒரு பெண்ணுக்காக அன்று, ஒரு நண்பனுக்காக.

திரைக்கதையாசிரியர் ஹெர்மன் ரௌச்சர் 1942ஆம் ஆண்டுக் கோடையை நான்டக்கெட் தீவில் கழித்தவர். உடனிருந்த தோழன் ஆஸி பின்னாளில் இராணுவ மருத்துவப் பணியாளனாகக் கொரியப் போருக்குச் சென்று, காயமுற்ற வீரனொருவனுக்குச் சிகிச்சை அளிக்கையில் மாண்டான். அது ரௌச்சரின் பிறந்தநாள். அவனுக்கு நினைவுச்சின்னமாக எழுதத் தொடங்கிய கதையில் டொரொதி மெல்ல மெல்ல நடுவிடம் பிடித்துக்கொண்டாள் என்று ரௌச்சரே பின்னர் கூறியிருக்கிறார். எழுத்தாளன் எண்ணியது ஒன்று, எழுதுகோல் சென்றது வேறு திசை. கவிஞர்களுக்கு இது புதிய அனுபவமன்று. பல ஆண்டுகள் எவரும் ஏற்காதிருந்த அத்திரைக்கதையை ராபர்ட் மல்லிகன் இயக்கினார். நான்டக்கெட் மிகவும் மாறிவிட்டிருந்தமையால் கலிபோர்னியாவின் மென்டொசினோவில் படப்பிடிப்பு நிகழ்ந்தது.

ஆனால் ஆஸி படத்தினின்று முற்றிலும் அகன்றுவிடவில்லை. அகத்திணை மரபில் தலைவனின் மயக்கத்தைக் கண்டு முதலில் கழறுபவன் பாங்கன். இங்கும் ஆஸி ஹெர்மியை எள்ளி நகையாடிக்கொண்டே இருக்கிறான். பார்வையாளரும் அவனை வெறும் நகைச்சுவைப் பாத்திரமாகக் கொண்டு கடந்துவிடுகின்றனர். கணவன் மாண்ட செய்தி தந்தியாய் வந்த இரவில் ஹெர்மி டொரொதியின் வீட்டில் இருக்கிறான். விடிந்தபின் ஆஸியைச் சந்திக்கிறான். அதுகாறும் எதையும் துருவித் துருவிக் கேட்டுவந்த வாயாடி, நண்பனின் முகத்தைக் கண்டதும் அவனைத் தனிமையில் விட்டு விலகிச் செல்கிறான். அக்கணத்தில் ஆஸியும் வளர்ந்துவிடுகிறான். சற்றே கண் அயர்ந்தாலும் தவறிவிடக்கூடிய இக்காட்சியில்தான் ரௌச்சர் முதலில் எழுத விரும்பிய கதை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

பெற்றோரைப் படம் காட்டுவதே இல்லை. ஹெர்மியின் தாய் ஒரு குரலாக மட்டுமே வருகிறாள்; குரல் கொடுத்தவர் நடிகை மோரீன் ஸ்டேபிள்டன். முதியவனான ஹெர்மியின் குரலோ இயக்குநர் மல்லிகனுடையதே.

இறுதியில் அக்குரல் அந்தக் கோடையைக் கணக்கிடுகிறது. கடலோரக் காவல் நிலையத்தின் மீது நான்கு படையெடுப்புகள், ஐந்து திரைப்படங்கள், ஒன்பது நாள் மழை, மூன்றாம் தோழன் பெஞ்ஜியின் கைக்கடிகாரம் உடைந்தது. டொரொதியை மீண்டும் காணவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லும் குரல், ஆஸியின் மரணத்தைச் சொல்லவில்லை. அவன் ஹார்மோனிகா வாசிப்பதை விட்டுவிட்டான் என்று மட்டும் சொல்கிறது.