வெட்டி ஒட்டும் மேசையிலிருந்து வந்த ரஹீம்
ஏ. பீம்சிங் பற்றிய ஒரு நோக்கு

எங்களது வாப்பாவுக்குப் படம் பார்க்கும் பழக்கம் பெரிதாக இருந்ததில்லை. ஆனாலும் 'பாவ மன்னிப்பு' என்று பேச்சு வந்தால், "அந்தப் படத்துல சிவாஜி நம்மட ஆளு மனே" என்பார். கல்முனைக் கரையோரத்தில் அவர் வயதையொத்த பலரும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் நாகூர் ஈ.எம். ஹனீபா இணைந்து பாடிய பெருநாள் பாட்டு வானொலி வழியாக எமது வீடுகளுக்குள் வந்தது. பாடியவர்களை நாம் அறிவோம், நடித்தவரையும் அறிவோம். அந்த ரஹீமைத் திரைக்குக் கொண்டுவந்த மனிதரைப் பற்றி எமது ஏடுகள் அதிகம் பேசியதில்லை. சினிமாக்காரர் ஒருவரைப் பற்றி இங்கே எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். காரணம் இருக்கிறது.

1924 இல் பிறந்த ஏ. பீம்சிங், கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் உதவிப் படத்தொகுப்பாளராகத் தொழில் பழகியவர். அந்த இருவரில் பஞ்சுவும் தொகுப்பாளரே. அக்காலத்தில் படத்தொகுப்பு என்பது கை வேலை. சுருளைப் பார்த்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். வெட்டி எறியும் ஒவ்வோர் அடியும் தயாரிப்பாளரின் காசு. படம் எங்கே இழுபடுகிறது, பணம் எங்கே வீணாகிறது என்பதைத் தொகுப்பாளரைப் போல நெருக்கமாகப் பார்ப்பவர் வேறு எவருமில்லை.

1954 இல் 'அம்மையப்பன்' மூலம் நெறியாளரானார் பீம்சிங். பின்னர் புத்தா பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தின் வழியே தயாரிப்பிலும் இறங்கினார். 1958 இல் 'பதிபக்தி' அந்நிறுவனத்தின் பெயரில் வந்தது. 'பாகப்பிரிவினை', 'பாசமலர்', 'பாலும் பழமும்' எனப் பகர எழுத்தில் தொடங்கிய அவரது குடும்பப் படங்கள் தமிழகத்தைப் போலவே இலங்கையிலும் ஓடின.

1961 இல் வந்த 'பாவ மன்னிப்பு'தான் எமக்கு முக்கியம். தொடக்கத்தில் அதன் நாயகன் ஜே.பி. சந்திரபாபு. சில காட்சிகளும் எடுத்தாகிவிட்டது. எடுத்தவை மனதுக்கு ஒப்பாததால் அவை கைவிடப்பட்டன. ஏவி.எம். கூட்டுச் சேர்ந்தது, சிவாஜி ரஹீமானார். செலவழித்த சுருளைத் தூக்கிப் போடத் தயாரிப்பாளரின் மனம் இலேசில் வராது. வெட்டிப் பழகிய கை என்றபடியால் பீம்சிங்கால் அது முடிந்தது என்றே நான் கருதுகிறேன்.

கதை நாமறிந்ததே. ஆளவந்தாரின் மகனாகப் பிறந்த பிள்ளையை வைத்தியர் இஸ்மாயில் வளர்க்கிறார். பிள்ளை ரஹீமாகி, சேரி மக்களுக்குத் துணை நிற்கிறான். பெற்ற தகப்பனே மகனென்று அறியாமல் அவன் முகத்தை அமிலத்தால் சிதைக்கிறான். வேறு வேறு வீடுகளில் வளரும் பிள்ளைகளின் வாழ்க்கையை மாறி மாறிக் காட்டி, ஒன்றோடொன்று கோத்துச் செல்வது தொகுப்பாளரின் புத்தி.

படத்தைப் பற்றி எனக்கொரு குறையும் உண்டு. நல்ல முஸ்லிம் ஒருவனைக் காட்ட, அவன் பிறப்பால் இந்துவாக இருக்க வேண்டுமா? வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப ரஹீம் உண்மையில முஸ்லிம் இல்லையா, ஸேர்?" என்று கேட்டாள். வீட்டில் வாப்பாவிடம் சொன்னேன். "பெத்தவன் அமிலம் ஊத்தினான். வளத்தவர்தானே மனிசனாக்கினார். அதப் பாரு" என்றார். குறை தீர்ந்துவிடவில்லை. ஆனால் வாப்பாவின் பார்வையை என்னால் தள்ளவும் முடியவில்லை. யுத்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய கரை இது. பிரதேச செயலகத்தின் எல்லைக்காக இன்றும் வாதாடுகிறோம். பிறப்பை விட வளர்ப்பைப் பெரிதாக்கும் கதை இங்கே பழசாகவில்லை.

பீம்சிங் 1978 இல் காலமானார். அவர் மகன் பி. லெனின் படத்தொகுப்பில் தேசிய விருதுகள் பெற்றவர். தகப்பன் தொடங்கிய மேசையிலேயே மகனும் பேர் எடுத்தார்.

இன்று எமது பிள்ளைகள் கைப்பேசியில் குறும்படம் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் நடிக்க ஆசை, இயக்க ஆசை. தொகுப்பைப் படிக்க ஆள் இல்லை, காசு போட்டுத் தயாரிக்கவும் ஆள் இல்லை. திரையில் எம்மைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று முறைப்படுவது நியாயமே. ஆனால் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் எமது பிள்ளை ஒன்று இருக்கும் வரை, எமது ரஹீமை இன்னொருவர்தான் படைத்துத் தர வேண்டியிருக்கும்.